கடிவாளத்தைக் கண்டறிந்த அறிஞர் ஜாக் மொனோ

மனிதர் குடலிலே கோடானுகோடியாக வாழும் நுண்ணங்கி ஒன்றுண்டு. எசெரிக்கியா கோலி என்பது அதன் பெயர். தியோடர் எசெரிக் என்னும் குழந்தை வைத்தியர் பச்சிளங் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து 1885ஆம் ஆண்டில் இதனை உலகுக்கு அறிவித்தார். அவர் பெயரே பின்னர் அதற்கு இடப்பட்டது. ஐந்நூறு நுண்ணங்கிகளை நீளப்பாட்டில் அடுக்கினாலும் ஒரு மில்லிமீற்றர் நீளமே தேறும். இத்துணைச் சிறிய உயிரிடம் ஒரு கேள்வியைக் கேட்டு, இருபது ஆண்டுகள் அயராது உழைத்து விடை கண்டவர் ஜாக் மொனோ என்னும் பிரெஞ்சு அறிஞர். அவர் வைத்தியரல்லர், ஒரு நோயாளிக்கேனும் மருந்து கொடுத்தவருமல்லர். எனினும் அவர் கண்ட விடை புற்றுநோயைப் பற்றிய எண்ணத்தை மாற்றியது. நீரிழிவுக்கும் குருதிநோய்க்கும் புதுச் சிகிச்சைகள் தோன்ற வழி திறந்தது.

உயிரியல் கற்கும் மாணவராகிய நாம் இவர் பெயரைப் பாடநூலில் ஒரு வரியிற் கண்டு கடந்துவிடுகிறோம். அவ்வொரு வரிக்குப் பின்னால் நிற்கும் வாழ்வு எத்தகையது என்பதை எம்மையொத்த இளைஞரும் எம்மை வழிநடத்தும் பெரியோரும் அறிதல் நன்று. ஆதலின் இக்கட்டுரையை வரையத் துணிந்தோம்.

இளமை

மொனோ 1910ஆம் ஆண்டு பெப்ருவரி 9ஆம் நாள் பாரிசு மாநகரிற் பிறந்தார். மதகுருமாரும் வைத்தியரும் பேராசிரியரும் நிறைந்த புரட்டஸ்தாந்து குடும்பம் அவருடையது. தந்தையார் மட்டும் அவ்வழி செல்லாது ஓவியரானார். டார்வினின் நூல்களை விரும்பிக் கற்ற அத்தந்தையாரே மகனுக்கு உயிரியலில் ஆர்வத்தை ஊட்டினார். தாயார் அமெரிக்கப் பெண்மணி. குடும்பம் தென் பிரான்சிலே மத்தியதரைக் கடலோரமாக அமைந்த கான் நகரிற் குடியேற, மொனோவின் இளமைப் பருவம் அங்கே கழிந்தது.

சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கி ஒரு காலை வலுவிழக்கச் செய்தது. வாழ்நாள் முழுவதும் அவர் சிறிது நொண்டியே நடந்தார். ஆயினும் மலையேறுவதையும் பாய்க்கப்பல் ஓட்டுவதையும் அவர் கைவிட்டாரல்லர்.

1928ஆம் ஆண்டில் மேற்படிப்புக்காகப் பாரிசு சென்றார். அங்கே சோபோனில் நடந்த உயிரியற் பாடங்கள் காலத்துக்குப் பல ஆண்டுகள் பின்தங்கியவை என்பதை விரைவில் உணர்ந்தார். உண்மையான கல்வியை அவருக்கு அளித்தவர்கள் உரோஸ்கோவ் என்னும் கடலோர ஆய்வு நிலையத்திற் சந்தித்த மூத்த நண்பர்களே. அவர்களுள் ஆந்திரே லுவோப், போரிஸ் எபுருசி என்னும் இருவர் அவர் வாழ்வின் போக்கையே மாற்றினர்.

1934ஆம் ஆண்டில் மொனோ ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் கிறீன்லாந்து சென்று மீண்டார். 1936இல் அதே கப்பலில் மீண்டும் புறப்பட எண்ணியிருந்தார். ஆனால் எபுருசி அவரைப் பரம்பரையியல் கற்பதற்கு அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியாவுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் அக்கப்பல் ஐசுலாந்துக் கரைக்கு அப்பாற் புயலிற் சிக்கிப் பாறையில் மோதியது. அதிற் சென்றோருள் ஒருவரே உயிர் தப்பினார்.

இவ்வாறு உயிர் பிழைத்த இளைஞருக்கு எத்துறையில் வாழ்வது என்பது அப்போதும் தெளிவாகவில்லை. அவர் செலோ என்னும் பெருவயலினை வாசிப்பவர். பாக் என்னும் இசைமேதையின் பாடல்களைப் பாடுங் குழுவொன்றைப் பாரிசில் நடத்தியவர். கலிபோர்னியாவிலும் ஆய்வுகூடத்தினும் இசையரங்கிலேயே அவர் மனம் மிகுதியும் சென்றது. முடிவில் விஞ்ஞானத்தையே தெரிந்துகொண்டார். இசையோ இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

நோய் தருமா என்னுங் கேள்வி

நாடு திரும்பிய மொனோ உயிர்களின் வளர்ச்சியை அளந்து அறிய விரும்பினார். அதுவரை அவர் வைத்திருந்த ஓரணு உயிர்களை வளர்ப்பது கடினமாயிருந்தது. அவற்றை விட்டு, சில உப்புக்களும் ஒரு சர்க்கரையும் கலந்த நீரிலேயே பெருகக்கூடிய எசெரிக்கியா கோலியைக் கையாளுமாறு லுவோப் அறிவுரை கூறினார். அந்நுண்ணங்கி நோய் விளைவிக்குமா என்று மொனோ முதலில் வினவினார். லுவோப் அளித்த விடை அவருக்கு நிறைவளித்தது. 1937ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. அன்று கேட்ட அச்சிறு கேள்வியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டுகிறோம்.

மொனோ ஒரே நீரில் இருவகைச் சர்க்கரைகளைக் கலந்து நுண்ணங்கிகளுக்கு உணவாக இட்டார். குளுக்கோசும், பாலிலுள்ள இலற்றோசும் கலந்தபோது வியப்பான நிகழ்ச்சி ஒன்றைக் கண்டார். நுண்ணங்கிகள் முதலிற் குளுக்கோசை மட்டும் உண்டு வேகமாகப் பெருகின. அது தீர்ந்ததும் பெருக்கம் நின்றுவிட்டது. சிறிது நேரம் வாளாவிருந்தபின், இலற்றோசை உண்டு மீண்டும் பெருகத் தொடங்கின. இந்த இடைநிறுத்தம் ஏன்? 1940ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில், செர்மனியர் பாரிசைக் கைப்பற்றியிருந்த இருண்ட காலத்தில், மொனோ இவ்வளைகோட்டை லுவோப்பிடங் காட்டினார். இலற்றோசை உடைப்பதற்கு வேண்டிய நொதியத்தை நுண்ணங்கி அந்த இடைவேளையிற் புதிதாக ஆக்கிக்கொள்கிறது போலும் என்பது லுவோப்பின் கருத்து.

நொதியத்தை ஆக்கும் ஆற்றல் நுண்ணங்கியினுள் முன்னரே உண்டு. ஆனால் தேவை வருமட்டும் அது வெளிப்படுவதில்லை. அவ்வாறாயின் எப்போது வெளிப்படவேண்டும் என்பதை முடிவு செய்வது யாது? இதுவே மொனோவின் கேள்வி. 1941ஆம் ஆண்டில் அவர் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாய்வு தமக்குச் சுவையற்றது எனச் சோபோன் ஆய்வுகூடத் தலைவர் ஒருவர் கருதினார் என்பர்.

துப்பாக்கி ஏந்திய ஆராய்ச்சியாளர்

மொனோவின் மனைவியார் ஒடெத் அம்மையார் யூத குலத்தவர். ஆசியக் கலைகளைக் கற்றுத் தேர்ந்தவர். 1938இல் மணஞ்செய்த இவர்களுக்கு அடுத்த ஆண்டில் இரட்டை ஆண்மக்கள் பிறந்தனர். நாட்சியர் ஆட்சியில் அக்குடும்பத்துக்கு நேரக்கூடிய ஆபத்தைச் சொல்லவேண்டுவதில்லை. அவர்களைப் பாரிசுக்கு வெளியே மறைவிடம் அனுப்பிவிட்டு, மொனோ எதிர்ப்பியக்கத்திற் சேர்ந்தார்.

பகலில் நுண்ணங்கிகளை எண்ணியவர் இரவில் மாற்றுப்பெயர் பூண்டு இரகசியக் கூட்டங்களுக்குச் சென்றார். அவரோடு உழைத்த பலர் பிடிபட்டனர். சோபோன் இனித் தமக்குத் தகுந்த இடமன்று எனக் கண்டதும், லுவோப் பாஸ்தர் நிலையத்திலே தமது ஆய்வுகூடத்தில் அவருக்கு இடமளித்தார். 1944இல் உண்ணாட்டுப் படைகளின் தலைமையகத்தில் உயர் பொறுப்பு ஏற்று, பாரிசின் விடுதலைக்கு உழைத்தார். பிரான்சும் அமெரிக்காவும் அவருக்கு வீரப் பதக்கங்கள் அளித்தன.

போர் முடிந்தபின் வேறொரு போராட்டம் அவரை எதிர்நோக்கிற்று. எதிர்ப்பியக்க நாட்களில் அவர் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்திருந்தார். போருக்குப் பின் அதிலிருந்து விலகினார். 1948ஆம் ஆண்டில் சோவியத்து நாட்டில் இலைசென்கோ என்பாரின் கொள்கை அரசாணையால் நிலைநாட்டப்பட்டது. பரம்பரையலகு என ஒன்றில்லை, சூழ்நிலையை மாற்றினாற் பயிரின் பரம்பரைக் குணமே மாறிவிடும் என்பது அக்கொள்கை. பரம்பரையியலறிஞர் பலர் அங்கே பதவி இழந்தனர். பேரறிஞர் வவிலோவ் அதற்கு முன்னரே, 1943இற் சிறையில் மாண்டிருந்தார். பிரான்சிலும் கற்றோர் பலர் கட்சிப் பற்றினால் வாய்மூடியிருக்க, மொனோ செய்தித்தாளில் வெளிப்படையாக எழுதி அக்கொள்கையைக் கண்டித்தார். பழைய தோழர் பலரின் நட்பு இதனால் முறிந்தது. உண்மையை அளந்து காட்டவேண்டியது ஆய்வுகூடமேயன்றி அரசபீடமன்று என்பதில் அவர் அணுவளவும் தளரவில்லை.

தம் கொள்கையைத் தாமே கைவிட்டமை

பாஸ்தர் நிலையத்தின் மேன்மாடத்திலே ஒரு நீண்ட நடைவழி. அதன் ஒரு முனையில் மொனோ இலற்றோசு நொதியத்தை ஆராய்ந்தார். மறுமுனையில் லுவோப்பும், 1950இல் வந்து சேர்ந்த பிரான்சுவா ஜாக்கோப்பும் நுண்ணங்கிகளைத் தாக்கும் வைரசுகளை ஆராய்ந்தனர். ஜாக்கோப் சத்திரசிகிச்சை வைத்தியராக விரும்பியவர். 1944இல் நோர்மண்டிப் போர்க்களத்திற் குண்டுக் காயம் பட்டு அவ்வாசையை இழந்தவர்.

சாதாரண நுண்ணங்கி இலற்றோசு உள்ளபோது மட்டுமே நொதியத்தை ஆக்கும். ஆனால் சில விகாரிகள், தேவை உண்டோ இல்லையோ, நொதியத்தை ஓயாது ஆக்கிக்கொண்டிருந்தன. மொனோ இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். இலற்றோசு உற்பத்தியை முன்தள்ளுந் தூண்டியாகும்; விகாரி தனக்கு வேண்டிய தூண்டியைத் தன்னுள்ளேயே உண்டாக்குகிறது என்பதே அது. பல ஆண்டுகளாக அவர் போற்றிவந்த கருத்து இது.

இதனைச் சோதிக்க மொனோவும் ஜாக்கோப்பும் அமெரிக்காவிலிருந்து வந்த ஆதர் பாடியும் 1957ஆம் ஆண்டளவில் ஒரு பரிசோதனை தொடங்கினர். நுண்ணங்கிகளிலும் ஒரு கலம் மற்றொரு கலத்துக்குத் தன் பரம்பரையலகுகளை வழங்குவதுண்டு. நொதியப் பரம்பரையலகும் பழுதுபட்டு, கட்டுப்பாடும் இழந்த கலமொன்றுக்குள், இவ்விரண்டும் நலமாயுள்ள கலத்திலிருந்து பரம்பரையலகுகளைச் செலுத்தினர். இலற்றோசு இடவில்லை.

சில நிமிடங்களில் நொதியம் முழு வேகத்தில் உண்டாகத் தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்கு மேற் சென்றபின் உற்பத்தி நின்றுவிட்டது. தூண்டியை இட்டதும் மீண்டுந் தொடங்கியது. மொனோவின் விளக்கம் சரியாயின், பெற்ற கலம் தன் தூண்டியை ஓயாது உண்டாக்க, உற்பத்தி நின்றிருத்தல் கூடாது. உற்பத்தியைத் தடுக்கும் ஒரு பொருள் புதிதாக வந்த பரம்பரையலகிலிருந்து மெல்ல மெல்ல உருவாகி, போதிய அளவு சேர்ந்ததும் அதனை நிறுத்திற்று என்பதே பொருந்தும் விளக்கம். லியோ சிலாட் என்னும் பௌதிக அறிஞர் இத்தகைய எண்ணத்தை முன்னரே அவருக்கு எடுத்துரைத்திருந்தார். மொனோ தம் கருத்தைக் கைவிட்டார்.

இதனை ஓர் உவமையால் விளக்குவோம். குதிரையைச் சவுக்கால் அடித்தாலன்றி ஓடாது என்று எண்ணியிருந்தனர். குதிரையோ எப்போதும் ஓடச் சித்தமாகவே நிற்கிறது. கடிவாளம் அதனைப் பிடித்து வைத்திருக்கிறது. இலற்றோசு வந்து செய்வது கடிவாளத்தைத் தளர்த்துதல் மட்டுமே. அக்கடிவாளத்துக்கு அடக்கி என்று பெயரிட்டனர். இலற்றோசைப் பயன்படுத்துவதற்குரிய பரம்பரையலகுகள் அடுத்தடுத்து அமைந்திருக்க, அவற்றின் முன்னாலுள்ள ஓரிடத்தில் அடக்கி பற்றிக்கொண்டு எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்துகிறது. இக்கூட்டுக்கு ஒப்பரோன் என்று பெயர்.

மேன்மாடத்தின் மறுமுனையில் நுண்ணங்கிக்குள் உறங்கிக்கிடந்த வைரசும் இத்தகைய அடக்கியொன்றாலேயே உறங்குகிறது என்பதை ஜாக்கோப் உணர்ந்தார். நடைவழியின் இரு முனையிலும் ஒரே உண்மை நின்றது. 1961இல் வெளிவந்த அவர்களது பெருங்கட்டுரை, பரம்பரையலகின் செய்தியைப் புரதம் ஆக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்லும் தூது ஆர்.என்.ஏ. பற்றியும் எடுத்துரைத்தது. 1965ஆம் ஆண்டில் மொனோ, ஜாக்கோப், லுவோப் ஆகிய மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மறு ஆண்டில் அமெரிக்காவில் கில்பேட்டும் முல்லர்-கில்லும் அடக்கியைப் பிரித்தெடுத்து, அது ஒரு புரதமே என நிறுவினர்.

எல்லாப் பரம்பரையலகுகளும் கடிவாளத்தால் மட்டும் ஆளப்படுவன அல்ல. சிலவற்றுக்கு முன்தள்ளும் புரதமும் வேண்டும் என்பது பின்னர் தெளிவாயிற்று. மொனோவே 1968இல், அக்னஸ் உல்மன் அம்மையாரோடு சேர்ந்து, குளுக்கோசு உள்ளபோது ஏற்படுந் தடையை வட்ட ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு நீக்குகிறது எனக் காட்டினார். இளமையிற் கண்ட வளைகோட்டின் புதிர் இவ்வாறு அவிழத் தொடங்கிற்று. இவ்வம்மையார் அங்கேரி நாட்டிலிருந்து 1960இற் கணவரோடு தப்பி வெளியேறியவர். அத்திட்டத்தை மறைவிலிருந்து நடத்தியவர் மொனோ. புகழ் பெற்றபின்னும் பிறர் விடுதலைக்காகத் துணிந்து செயலாற்றும் பழைய குணம் மாறவில்லை.

இறுதி நாட்கள்

1970இல் தற்செயலும் தவிர்க்கவொண்ணாமையும் என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். உயிர்கள் எவர் நோக்கமுமின்றித் தற்செயலால் தோன்றின என்பது அதன் வாதம். இறைநம்பிக்கையுடைய நாம் அம்முடிபுக்கு உடன்படவேண்டியதில்லை. ஆனால் உண்மையை நாடுதல் ஓர் அறம், அதனை ஒருவன் தானே தெரிந்து ஏற்கவேண்டும் என்று அந்நூல் வற்புறுத்துவதை எவரும் மறுக்கமாட்டார்.

1971இற் பாஸ்தர் நிலையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று, பணமுடையால் தளர்ந்திருந்த அந்நிலையத்தை நிமிர்த்தப் பாடுபட்டார். அவரைக் குருதிநோய் பற்றியது. 1976ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள், தாம் வளர்ந்த கான் நகரில் அறுபத்தாறாவது வயதிற் காலமானார்.

அவருக்குப் பின்

நோய் தருமா என்று மொனோ அன்று கேட்டதற்கு, அவர் கையாண்ட இனத்தைப் பொறுத்தவரை லுவோப்பின் விடை சரியே. ஆயின் 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில், நன்கு வேகாத இறைச்சியுணவு உண்டோரிடையே இரத்தக் கழிச்சலை விளைவித்த எசெரிக்கியா கோலி இனம் ஒன்று கண்டறியப்பட்டது. அதன் நஞ்சை ஆக்கும் பரம்பரையலகு, நுண்ணங்கிக்குள் உறங்கும் வைரசுக்கே உரியது. அடக்கி அதனைப் பிடித்திருக்கும்வரை நஞ்சு பெருகாது. அடக்கி நீங்கினால் வைரசு விழித்தெழ, நஞ்சும் பெருகும். குழந்தைகளின் சிறுநீரகங்கள் பழுதுறும். சில நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் அவ்வைரசை எழுப்பிவிடக்கூடும் என்பதாலேயே இந்நோயில் அவற்றைக் கொடுக்க வைத்தியர் தயங்குகின்றனர். 2011இற் செர்மனியில் முளைவிட்ட வெந்தயத்தால் இவ்வகை நஞ்சு பரவி ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மேன்மாடத்து ஆராய்ச்சி இன்று நோயாளியின் கட்டிலருகே பேசப்படுகிறது.

நன்மையும் அவ்வழியே வந்தது. 1978இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மனித இன்சுலினுக்குரிய பரம்பரையலகுகளை எசெரிக்கியா கோலியிற் புகுத்தி, மொனோ ஆராய்ந்த அதே இலற்றோசு ஒப்பரோனின் கட்டுப்பாட்டில் வைத்து இன்சுலினை ஆக்கினர். 1982இல் அது மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. அதுவரை நீரிழிவு நோயாளர் பன்றியினதும் மாட்டினதும் சதையியிலிருந்து எடுத்த இன்சுலினையே நம்பியிருந்தனர்.

புற்றுநோய் என்பது கலப்பெருக்கத்தை ஆளும் கட்டுப்பாடு முறிவதால் உண்டாவது என 1961ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே மொனோவும் ஜாக்கோப்பும் குறிப்பிட்டனர். குழந்தைகளின் கண்ணில் உண்டாகும் விழித்திரைப் புற்றுநோய்க்குக் காரணமான பரம்பரையலகு 1986இல் இனங்காணப்பட்டது. கலம் பிரிவதைத் தடுத்துவைக்கும் கடிவாளமே அது. அதனை இழந்த கலம் கட்டற்றுப் பெருகுகிறது.

இனி, இலங்கையிலும் பல குடும்பங்களை வாட்டும் தலசீமியா நோயை எடுத்துக்கொள்வோம். தாய் வயிற்றில் உள்ளபோது சிசுவுக்கு ஒருவகை ஈமோகுளோபின் உண்டு. பிறந்தபின் ஓர் அடக்கிப் புரதம் அதனை நிறுத்திவிட, வேறுவகை தோன்றுகிறது. தலசீமியா உடையோருக்குப் பின்வந்த வகை போதாமையால் அடிக்கடி குருதியேற்றவேண்டியுள்ளது. அவ்வடக்கியைத் தளர்த்தி, உறங்கும் பழைய பரம்பரையலகை எழுப்பும் சிகிச்சைக்கு 2023இற் பிரித்தானியாவில் அனுமதி அளிக்கப்பட்டது. அதன் செலவோ மிகப் பெரிது; எளியோரை அது எட்டும் வழியைக் காண்பது எம் தலைமுறையின் கடன். ஆயினும் அச்சிகிச்சையின் தத்துவம் யாது? புதிதாக எதனையும் தள்ளாதே. இருப்பதைப் பிடித்திருக்கும் கடிவாளத்தைத் தளர்த்து என்பதே.

மொனோ தலசீமியாவைத் தேடிச் செல்லவில்லை. இன்சுலினையும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு சிற்றுயிர் ஏன் சிறிது நேரம் உண்ணாதிருந்தது என்றே கேட்டார். விடை தம் விருப்பத்துக்கு மாறாக வந்தபோதும் அதனை ஏற்றார். அரசுகளும் கட்சிகளும் தந்த பொய்யை மறுத்த அதே நெஞ்சுரத்தோடு, தாம் போற்றிய கருத்தையும் மறுத்தார். முன்னையதினும் பின்னையது அரிது. விஞ்ஞானம் பயிலும் இளைஞர் இவரிடம் முதலிற் கற்கவேண்டியது இவ்வரிய பண்பையே என்பது எம் துணிபு.